உள்ளிருந்து திறக்கும் கதவு

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கார் கிடந்தது. நின்றது என்று எழுத இயலவில்லை. சக்கரங்கள் நான்கும் நான்கு மூலைகளில் படுத்திருந்தன. முன்விளக்குகள் இரண்டும் தரையிலிருந்தபடி வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கதவுகள் இருபுறமும் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. ஸ்டியரிங் வளையம் தனக்குரிய இடத்தில் தனியே கிடந்தது. அதற்கு நேர்பின்னால் ஓட்டுநரின் இருக்கை. அதற்கும் பின்னால் நீண்ட பின்னிருக்கை. ஒரு காருக்கு வேண்டிய யாவும் தத்தம் இடத்தில் இருந்தன. கார் மட்டும் இல்லை.

அது என் மாமாவின் வேலைமுறை. கழற்றுகிற பொருள் காரில் எங்கே இருந்ததோ அதற்கு நேராகத் தரையில் வைத்துவிடுவார். திரும்பப் பூட்டும்போது நினைவைத் துழாவ வேண்டியதில்லை அல்லவா? அதன் பயனாக, உடலை இழந்துவிட்ட ஒரு கார், தன் வடிவத்தை மட்டும் விடாமல் பற்றிக்கொண்டு எங்கள் முற்றத்தில் கிடந்தது. துணி உலர்த்தப் போகும் அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போவார். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று விரையும் அப்பாவும் வளைந்துதான் போவார். நடுவில் இருந்தது வெறுந்தரை. ஆயினும் ஒருவரும் அதன் குறுக்கே நடக்கவில்லை. வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரருடைய பூனைகூட அந்த இடத்துக்கு வந்ததும் சற்று நின்று, பின் ஓரமாக நடந்து சென்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வீடு மஸ்கட்டில், ரூவிக் கடைத்தெருவின் பின்புறம், புல்லும் மரமும் அற்ற கரும்பழுப்பு மலையொன்றின் அடியில் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பா, நீரிறைக்கும் பொறிகளை விற்கும் நிறுவனம் ஒன்றில் எழுத்தர். நாங்கள் யாழ்ப்பாணத்தார். கொழும்பில் கலவரம் நடந்ததற்கு அடுத்த ஆண்டு, அங்கே கார் திருத்தும் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, எங்களிடம் வந்து சேர்ந்தார். தனியே வந்தார். மாமியும், மாமாவின் மகளான, என்னைவிட இரண்டு வயது இளைய மச்சாளும் சென்னையில் இருக்கிறார்கள், பத்திரங்கள் சரியானதும் வருவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் அம்மா. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா பேசமாட்டார். ஊமையில்லை, பேசவில்லை, அவ்வளவே. தட்டை வைத்தால் உண்பார். எடுத்துவிட்டால் கை அப்படியே நிற்கும். சுவரைப் பார்த்தபடி நாளெல்லாம் அமர்ந்திருப்பார். அந்தச் சுவரில் அவர் எதைப் பார்க்கிறார் என்று அறியும் ஆவலில், அவர் எழுந்துபோன ஒரு சமயம் நானும் அங்கே அமர்ந்து பார்த்தேன். சுண்ணாம்பின் மேல் ஒரு பல்லியின் காய்ந்த எச்சம் தவிர ஒன்றும் தென்படவில்லை.

"இப்பிடியே விட்டால் இவன் எனக்கில்லை" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அம்மாவின் உயிர் முழுவதும் அந்தத் தம்பியின்மேல் இருந்தது. எனவே, தம் வாழ்நாளில் யோசியாமல் ஒரு காரியமும் செய்தறியாத அப்பா, அவ்வாண்டில் ஒன்று செய்தார். அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்த ஆங்கிலப் பொறியாளர் ஒருவர், பாகங்களை வீட்டிலேயே பொருத்திப் பூட்டிக்கொள்ளும் கார் ஒன்றைத் தம் நாட்டிலிருந்து தருவித்திருந்தார். பெட்டியில் வருவது கண்ணாடியிழையால் வார்த்த மேற்கூடு மட்டுமே. எஞ்சின், சக்கரம், கதவுப் பூட்டு முதலிய மற்ற யாவற்றையும் ஏதேனும் ஒரு பழைய காரைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறக்குமுன்னரே அவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றலாகிவிட்டது. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டியை அப்பா ஒரு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரர், தம் ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கும் பழைய ஜப்பானியக் கார் ஒன்றை, ஆடுகளை இறக்கிவிட்டுக் கொடுத்தார்.

அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வாசல்வரை அது தன் காலில்தான் வந்தது.

"ஓடுற காரைக் கழட்டி ஓடாத கார் செய்யிற ஆக்கள் உலகத்திலை நாங்கள் மட்டும்தான்" என்றார் அப்பா.

"நீங்கள் சும்மா இருங்கோ. அவன் பாக்கிறான், பாருங்கோ" என்றார் அம்மா.

மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சுவரை விட்டு எழுந்து வந்து, காரைச் சுற்றி நடந்து, பின்கதவின் அருகே நின்றார். பிறகு கையை என் பக்கம் நீட்டி, "பத்தாம் நம்பர்" என்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபின் பேசிய முதற்சொல் அது. நான் கருவிப் பையைத் துழாவிப் பத்தாம் எண் ஸ்பானரைக் கொடுத்தேன். அம்மா விரைந்து சமையலறைக்குள் போனார். சற்றுக் கழித்து நான் போய்ப் பார்த்தபோது வெங்காயம் உரிக்காமலேயே அவருக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

எவரும் எஞ்சினிலிருந்துதான் தொடங்குவார்கள் என்று அப்பா பிற்பாடு சொன்னார். மாமா பின்கதவிலிருந்து தொடங்கினார். கதவின் ஓரத்திலுள்ள பூட்டுப்பொறியைக் கழற்றி, மடியில் வைத்துப் பிரித்து, அதற்குள்ளிருந்து நகமளவுள்ள ஓர் இரும்பு நெம்பை எடுத்தார். மறுபக்கத்துக் கதவிலும் அவ்வாறே செய்தார்.

"உது என்ன மாமா?"

"பூட்டு."

இரண்டையும் மதிலுக்கு அப்பால், நீர் ஓடாத ஆற்றுப்படுகையில் வீசி எறிந்தார். எறிந்த கையைச் சட்டையில் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே நான் அங்கே போய்த் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. நுனி வளைந்து, யானைக்குட்டியின் துதிக்கை போல் இருந்தது. அதை என் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அந்த நகரில் நண்பகலுக்குப் பின் சில மணி நேரம் எல்லாம் நின்றுவிடும். கடைகள் இரும்புத் திரையை இறக்கிவிடும். மலை தான் காலைமுதல் விழுங்கிய வெயிலை உமிழத் தொடங்கும். நாய் குரைக்காது. உச்சி வேளையில் தலையை விரித்துக்கொண்டு வெளியே திரியாதே என்று அம்மா என்னை அதட்டுவார். அதட்டிவிட்டு அவரும் உறங்கிப்போவார். மாமா வேலை செய்வது அந்த நேரத்தில்தான். உலகமே செத்துக் கிடக்க, முற்றத்தில் மட்டும் இரும்பு இரும்பில் மெதுவாகத் தட்டும் ஓசை கேட்கும். நான் பூனைபோல் வெளியே போய் அவரருகே குந்திக்கொள்வேன்.

பெட்டியிலிருந்து வெளிவந்த மேற்கூட்டை முதன்முறை பார்த்தபோது நான் ஓரடி பின்வாங்கினேன். அது முழு வெண்மை. விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள். தொட்டால் இரும்பைப்போல் குளிராமலும் சுடாமலும், உயிருள்ள ஒன்றின் ஓடுபோல் இருந்தது. வெயிலில் வைத்தால் ஒளி அதனை ஊடுருவும். அப்பால் நிற்பவரின் நிழல் இப்பால் தெரியும்.

அதைப் பூட்டுவதற்குமுன், கழற்றிய காரின் அடிச்சட்டகத்தில் எஞ்சினை மட்டும் வைத்து, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் மாமா. கூரையில்லை, கதவில்லை, இருக்கையும் இல்லை. ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் அமர்ந்துகொண்டார். ஆற்றுப்படுகையில் அவர் போனபோது, கானல் அலைகள் சக்கரங்களையும் சட்டகத்தையும் விழுங்கிவிட்டன. மனிதர் ஒருவர் அமர்ந்த நிலையில், எதனோடும் சேராத வளையம் ஒன்றைப் பிடித்தபடி, தரைக்கு மேலே மிதந்து சென்றார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. சில சமயம் திரும்பித் தம் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டார், அங்கே எவரோ அமர்ந்திருப்பதைப் போல.

தொழுகைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என்னருகே நின்று அதைப் பார்த்தார். முதியவர், எல்லா மொழியையும் கலந்து பேசுவார். தாடியைத் தடவிவிட்டு, "ஹாதா சய்யாரா மாஃபி, பேட்டி. ஹாதா ஜின்" என்றார். இது காரன்று மகளே, பேய் என்பது அவருடைய தீர்ப்பு. பிறகு, பேயானாலும் தம் முன்னாள் கார் என்னும் உரிமையோடு, "எஞ்சின் அச்சா ஹை" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த மேற்கூடு இருவர் அமரும் காருக்கு உரியது. அதனோடு வந்த படங்களில் இரண்டே கதவுகள், இரண்டே இருக்கைகள். மாமா அவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு சிறிய இருக்கையை அமைத்தார். பழைய பின்னிருக்கையை அறுத்துக் குறுக்கி என்னை அதில் அமரச் செய்து அளவு பார்த்தார். சரியாக இருந்தது. அவருக்கு அது சரியாகப் படவில்லை. மீண்டும் அறுத்தார். மீண்டும் அமர்ந்தேன், இடித்தது. "இப்ப சரி" என்றார். இடிக்கிறது என்று நான் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு, அந்த வெண்ணிறக் கூட்டின் பக்கவாட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இருக்கைக்கென்று தனியாக ஒரு சிறிய கதவு செய்தார். பழைய காரின் பின்கதவில் இருந்த பூட்டுப்பொறியை அதில் பொருத்தினார். என்னை உள்ளே இருத்திக் கதவைச் சாத்துவார். அவருடைய நிழல் வெள்ளைச் சுவருக்கு அப்பால் பெரிதாக நிற்கும்.

"திற, பிள்ளை."

நான் உள்ளிருந்து கைப்பிடியை இழுத்துத் திறப்பேன்.

"கண்ணை மூடிக்கொண்டு திற."

திறப்பேன்.

"இடக்கையாலை. கெதியாய்."

திறப்பேன். முதலில் அது விளையாட்டாக இருந்தது. நாள்தோறும் நடந்தபோது விளையாட்டாக இல்லை. ஒரு நாள் வியர்வையில் கை வழுக்கிக் கைப்பிடி நழுவியது. ஒரு கணம்தான். அதற்குள் மாமா கதவை வெளியிலிருந்து பெயர்த்தெடுப்பவர்போல் இழுத்துத் திறந்து, என்னைத் தூக்கி வெளியே போட்டார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. "ஏன் திறக்கேல்லை? ஏன் திறக்கேல்லை?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அழத் தொடங்கியதும் நிறுத்தினார். அன்று மாலை முழுவதும் அந்தப் பூட்டை எண்ணெயிட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சின்னக் கதவைப் பார்த்த அப்பா, "இனி இதை ஒருத்தனும் கார் எண்டு சொல்லமாட்டான்" என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

இதன் நடுவே, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அம்மாவும் மாமாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். உறங்குவதாக நடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"வருசம் திரும்பிப்போச்சுது தம்பி. அந்தியேட்டியாவது செய்யவேணும். அதுகள் எத்தினை நாளைக்கு அந்தரிச்சுக்கொண்டு திரியிறது?"

"எதை வைச்சு அக்கா செய்யிறது? ஒரு பிடி சாம்பல்கூட என்ரை கையிலை தரேல்லை. எது கார், எது பிள்ளை எண்டு ஆர் பிரிச்சுப் பாத்தது?"

"அப்ப செய்யமாட்டியோ?"

"கையிலை ஒண்டுமில்லாமல் என்னத்தைக் கடலிலை விடுறது?"

அந்தியேட்டி என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அது இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு என்று அறியாமல், மச்சாளும் மாமியும் வந்து சேரும்போது நடத்தும் விழா என்று கொண்டேன். அவர்கள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு சென்னையின் வீதிகளில் போக்கிடமின்றி அலைவதாகக் கற்பனை செய்துகொண்டேன். காரையும் பிள்ளையையும் யார் குழப்பிக்கொள்வார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. சாம்பல் இல்லாததே தடை என்பது நன்றாக விளங்கியது. எனவே சாமிப்படத்தின் முன் இருந்த திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன்.

"இஞ்சை சாம்பல் இருக்கு மாமா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா கிண்ணத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தொட்டு என் நெற்றியில் பூசிவிட்டு, கிண்ணத்தை என்னிடமே திருப்பித் தந்தார். திருநீறு என் கண்ணிலும் விழுந்தது.

மறுநாள் மாமா ஆற்றுப்படுகையிலிருந்து மணல் கொண்டுவந்தார். முற்றத்தில் ஓர் இரும்புக் குழாயின்மேல் பலகையைக் குறுக்காக வைத்து, ஒரு முனையில் என்னை அமர்த்தினார். மறுமுனையில் ஓர் அரிசிப் பையை வைத்து, அதில் மணலைக் கொட்டினார். சின்ன இருக்கையின் சுமையை வண்டி தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மணல் ஏற ஏற என் பக்கம் மெதுவாக உயர்ந்தது, கால்கள் தரையைவிட்டன. பையும் நானும் ஒரே மட்டத்தில், ஒருவரையொருவர் பார்த்தபடி அசைந்தோம். வேலை முடிந்தது என்று எண்ணினேன். மாமா பையிலிருந்து ஒரு கை மணலை அள்ளிக் கீழே போட்டார். பிறகு இன்னொரு கை. என் பக்கம் இறங்கியது.

"ஏன் மாமா குறைக்கிறியள்?"

"அவ உன்னைவிட மெலிவு."

கண்ணை மூடிக்கொண்டு பையை இரு கைகளாலும் தூக்கிப் பார்த்தார். தலையை அசைத்தார். இன்னும் சிறிது அள்ளினார். மீண்டும் தூக்கினார். பிறகு அதனைக் கீழே வைக்காமல், தோளில் சாத்தியபடி, முற்றத்தில் கிடந்த காரின் வெற்றிடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பையின் வாயைத் தைப்பதற்காக அவர் ஊசி எடுக்க உள்ளே போன சமயத்தில், என் பென்சில் பெட்டியிலிருந்த அந்த இரும்பு யானைத்துதிக்கையை நான் மணலுக்குள் புதைத்துவைத்தேன்.

அதன்பின் அந்தப் பை சின்ன இருக்கையிலேயே இருந்தது, பட்டி பூட்டப்பட்டு. நண்பகலில் சூரியன் அப்பால் சாயும்போது வெண்ணிறக் கூட்டின் ஊடே அதன் நிழல் தெரியும். தலை சற்றுச் சாய்ந்த ஒரு பிள்ளையின் நிழல். பை என்று எனக்குத் தெரியும். நானேதான் அதன் எதிரே ஆடியவள். ஆனாலும் அந்த நேரத்தில் முற்றத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சன்னல்வழியே பார்த்தபோது ஒரு நாள் நிழலின் தலை இடப்புறம் சாய்ந்திருந்தது. மறுநாள் வலப்புறம். மாமாவிடம் சொன்னேன். அவர் ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவவுக்கு ஒரு இடத்திலை இருக்கேலாது" என்றார்.

கார் முடிந்தது. முற்றம் வெறுமையானது. அப்போதும் நாங்கள் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தோம்.

முதல் ஓட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. எனக்கு முன்னிருக்கை என்று மாமா சொல்லியிருந்தார். புதுச் சட்டை அணிந்து ஏறிக்கொண்டேன். பழைய காரின் எண்பலகையையே புதிய காரில் மாட்டியிருந்தார்.

"எங்கை போறாய் தம்பி?" என்றார் அம்மா.

"எயார்போட்டுக்கு. கூட்டிக்கொண்டு வர."

அம்மா காரின் கதவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "பிள்ளை பக்கத்திலை இருக்கிறாள். உனக்கு விளங்குதோ? பிள்ளை இருக்கிறாள்."

"தெரியும் அக்கா. விடுங்கோ."

"கொண்டுவந்து என்ரை கையிலை தரவேணும். நீயும் வரவேணும்."

தம்பி அந்தக் காரோடு மலைமுகட்டுக்கோ கடலுக்கோ போய்விடுவான் என்று அம்மா அஞ்சினார். என்னைப் பக்கத்தில் இருக்க விட்டதும் அதனால்தான். என்னைப் பார்த்தாவது திரும்புவான் என்று. நானோ, மச்சாளை வரவேற்கும் பெருமை எனக்குக் கிடைத்திருப்பதாக எண்ணினேன். சிறிது தூரம் போனதும் கண்ணாடியில் ஒரு வாடகைக் கார் தெரிந்தது. எங்களை முந்தாமலும் விடாமலும் வந்தது. அதற்குள் அப்பா அமர்ந்திருந்தார். புதுக் கார் இருக்க, அவர் ஏன் வாடகைக் காரில் வருகிறார் என்று வியந்தேன். சின்னக் கதவு அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

விமான நிலையத்தில், பம்பாயிலிருந்து வந்தவர்கள் பெட்டிகளோடு வெளியே வந்தார்கள். மாமா காருக்குள் அமர்ந்தபடியே பார்த்தார். எவரும் எங்களை நோக்கி வரவில்லை. இறுதியாக ஒரு துப்புரவுப் பணியாளர் மட்டும் வாசலில் எஞ்சினார்.

"மச்சாள் வரேல்லையா மாமா?"

அவர் கண்ணாடியைச் சற்றுத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"வந்திட்டா" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பிடரியில் எவரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. கண்ணாடியிழைக் கூட்டின் இடுக்குகளில் காற்று நுழைவதாக இருக்கலாம். இன்றும் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கார் வீட்டுக்குத் திரும்பவில்லை. விமான நிலையத்தை அடுத்த சீப் என்னும் ஊரின் கடற்கரைக்குப் போயிற்று. மீன்பிடி வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. மணலில் சக்கரம் புதையுமுன் மாமா நிறுத்தினார். சின்னக் கதவைத் திறந்தார். பட்டியை அவிழ்த்துப் பையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். ஈரமணலில் முழந்தாளிட்டு, தாம் தைத்த தையலைத் தாமே பல்லால் கடித்துப் பிரித்தார். கைகளால் மணலை அள்ளினார். அள்ளிய கைகள் அப்படியே நின்றன. அவர் உள்ளங்கையில், மணலின் நடுவே, அந்த இரும்பு நெம்பு இருந்தது.

"இது எப்பிடி இதுக்குள்ளை வந்தது?"

மூச்சுக்கூட இல்லாத குரல். என்னைக் கேட்டதாகத் தோன்றவில்லை. வாடகைக் காரிலிருந்து இறங்கிய அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார்.

"நான்தான் போட்டனான், மாமா. மச்சாள் விளையாட."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"வேறை ஏதும் போட்டனியோ?"

"இல்லை."

ஆயினும் அவர் நம்பவில்லை. பை மணல் முழுவதையும் பிடிபிடியாக அள்ளி, விரல்களுக்கிடையே பைக்குள்ளேயே ஒழுகவிட்டுச் சலித்தார். வேறொன்றும் இல்லை என்று உறுதியானபின், நெம்பை அப்பாவின் கையில் வைத்தார்.

"இது அவவோடை போகக்கூடாது அத்தான். தூரத்திலை எறிஞ்சுவிடுங்கோ."

அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சப்பாத்துகளைக் கழற்றி, காலுறைகளை அவற்றுக்குள் ஒழுங்காக மடித்துவைத்து, அலுவலகக் காற்சட்டையோடு மாமாவின் பக்கத்தில் கடலில் இறங்கினார். "திரும்பிப் பாராதை. தோளுக்கு மேலாலை விடு" என்று மெல்லச் சொன்னார். மாமா கரையைப் பார்த்து நின்று, பையைத் தோளின்மேல் சாய்த்தார். மணல் அவர் முதுகின்வழியே நெடுநேரம் வழிந்து நீரில் விழுந்தது. பிறகு மூழ்கினார். எழுந்தார். மீண்டும் மூழ்கினார். கடல் முழுவதும் மணல் கிடக்க, இவர்கள் எங்கள் வீட்டு மணலை இவ்வளவு தொலைவு கொண்டுவந்து கொட்டுகிறார்களே என்று நான் கரையில் நின்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் அம்மா ஒரு வாளி நீரோடு நின்றார். அப்பாவின் நனைந்த காற்சட்டையையும் மாமாவின் வெறுங்கையையும் பார்த்தார். வா என்று எவரையும் அழைக்கவில்லை. எங்கள் மூவர் தலையிலும் நீரை ஊற்றினார். என் புதுச் சட்டை பாழானது. அன்று மாலை மாமா தாமாகவே ஒரு வாய்ச் சோறு கேட்டு வாங்கி உண்டார். அம்மா சமையலறையில் உரக்க அழுதார். மாமாவும் அழுதார். முற்றத்தின் குறுக்கே, நடுத்தரையை மிதித்தபடி, அம்மா அவரிடம் போனதைப் பார்த்தேன்.

மாமா பிறகு சவூதியின் யான்புவில் வேலை கிடைத்துப் போனார். வேறு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேசினார், சிரித்தார், எனக்குப் பேரீச்சம்பழம் அனுப்பினார். காரை வீட்டுக்காரரிடமே விட்டுச் சென்றார். முதியவருடைய பேரப்பிள்ளைகள் நாள்முழுதும் சின்னக் கதவினால் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஜின் அவர்களை ஒன்றும் செய்யவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, குளிர்நாடொன்றில், என் மகனை முதன்முறையாகப் பின்னிருக்கையில் தனியே அமர்த்திய நாளில், கதவின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு நெம்பை என் விரல் தானாகவே கண்டுகொண்டது. நுனி வளைந்திருந்தது. அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். மகன் உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தான். மீண்டும் இழுத்தான். கதவு திறக்கவில்லை. பிள்ளைகள் ஓடும் காரில் கதவைத் திறந்துவிடாதிருக்க அப்படி ஒரு வழி செய்திருக்கிறார்கள்.

அன்றே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மாமா எறிந்த நெம்பைப் பற்றிக் கேட்டேன்.

"உன்ரை மச்சாள் ஓடுற காரிலை கதவைத் திறக்கிற பிள்ளை. அதுதான் அவன் அந்தப் பூட்டை அமத்தி வைச்சிருந்தவன். கலவரத்தண்டைக்கு வழியிலை பால்மா வாங்க இறங்கினவன். திரும்பிப் பாக்கேக்கை காரைச் சுத்திச் சனம், நெருப்பு. மாமி இறங்கியிருக்கலாம். இறங்கேல்லை. பின்னுக்குப் போய்ப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ."

பூட்டு என்று மாமா சொன்னபோது, வெளியில் இருப்பவரை உள்ளே விடாத பொருள் ஒன்றையே நான் எண்ணினேன். உள்ளே இருப்பவரை வெளியே விடாத பூட்டும் உண்டு என்பதையும், பிள்ளையின்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருவர்தாம் அதை அழுத்துவார் என்பதையும் எட்டு வயதில் நான் அறியவில்லை.